மென்ற பொரிகடலை

பேத்தி பூரணிக்குக் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, ஒன்பது நாளாகக் காய்ச்சல் விடவில்லை. “கிருமி எச்சில் வழியா வந்திருக்கு. அதோட சண்டை போடுறது இவ ரத்தம்தான், பெரியவரே. அந்தச் சண்டைதான் இந்த வீக்கம்” என்றாள் டாக்டரம்மா. நாலு வயதுப் பிள்ளைக்குள் என்ன சண்டை? நான் நம்பவில்லை. “மென்னு ஊட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், மாமா” என்று மருமகள் அழுதாள். என் பிள்ளைகள் நாலு பேரும் அப்படித் தின்று வளர்ந்தவர்கள்தான். மூன்று நாளாகப் பூரணிக்குத் தொண்டையில் பால்கூட இறங்கவில்லை. இன்று கண்ணைத் திறந்து, “தாத்தா, பொரிகடல” என்றாள். பையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, மாவாக மென்றுவிட்டேன். அவள் வாயைத் திறந்து காத்திருக்கிறாள். எனக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.