பவுடர் டப்பா

கடத்தூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் தேவிப்பிரியாவுக்குத் தொப்பூர் கணவாயிலிருந்து குரு போன் செய்தான்.

“லாரியில ஆயில் கொட்டுதுங்க. இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சாம். இன்ஜினை இறக்கி மாத்த ரெண்டு நாளாகும்ங்கறார் இங்க இருக்கற மெக்கானிக்.”

“இறக்க வேண்டாங்க. மேல கசிஞ்சாலும் கீழதான் சொட்டும். நல்லாத் துடைச்சுப் பவுடர் தூவுங்க. ஸ்டார்ட் பண்ணி, எங்க முதல்ல நனையுதுன்னு பாருங்க. பவுடர் இருக்குதில்ல?”

“இன்னிக்கு இல்லாமயா?”

சற்று நேரத்தில் குரு சொன்னான்: “டர்போவுக்கு ஆயில் போற பைப் கிட்ட நனையுதுங்க.”

“அந்த நட்டுதான் லூசு. இறுக்கிட்டு, குறைஞ்ச ஆயிலை ஊத்துங்க.”

இறுக்கியதும் கசிவு நின்றது. “ஒரு மணி நேரத்துல வந்துடுவேங்க,” என்றான்.

தேவிப்பிரியா போனைத் தோழியிடம் கொடுத்தாள். கழுத்து மாலையைச் சரிசெய்தபடி ஐயரிடம் திரும்பினாள்.

“தாலியை எடுத்து வைங்க சாமி. சொந்த லாரியிலதான் வருவேன்னு அடம் பிடிச்ச மாப்பிள்ளை கிளம்பிட்டாரு.”