எட்டு மேஜைத் தீர்ப்பு

"மெக்கானிக் கேஸைப் பத்தி மேடையில ஒரு வார்த்தை வரக்கூடாது."

மைக்கைக் கையில் கொடுக்கும் முன்பே வீட்டு வசதி வாரிய மேனேஜர் சொல்லிவிட்டார்.

"வராது சார்," என்றார் டிரைவரம்மா.

பஸ் ஓட்டுகிறவர். வாரியக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர். அங்கே மூன்றாவது மாடியில் இருக்கும் மெக்கானிக் குடும்பம் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சத்தம், கேட்டை மறித்து வண்டி என்று ஒரே மாதத்தில் மூன்று புகார். வீட்டில் ஐந்து பேர். போக இடமில்லை. டிரைவரம்மா நாலு நாள் மேனேஜர் அறை வாசலில் நின்று பார்த்தார். 'முடிஞ்ச கேஸ்' என்று நாலு நாளும் ஒரே பதில்.

இன்று புதன். வாரிய மாநாட்டின் இரண்டாம் நாள். ஹோட்டலின் முதல் மாடியில் மண்டபம். 'குடியிருப்புத் தொல்லைகளைச் சேர்ந்தே ஒழிப்போம்' என்று பேனர். எட்டு வட்ட மேஜை, பல ஊர்களிலிருந்து வந்த எண்பது அதிகாரிகள். குடியிருப்போர் தரப்பில் யாராவது ஒருவர் பேசியாக வேண்டும் என்று விதி. அதற்காக டிரைவரம்மாவுக்குப் பதினைந்து நிமிடம்.

"வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஒரு கேஸ் சொல்றேன். தீர்ப்பை நீங்களே எழுதிக் கொடுங்க."

மேஜைக்கு ஒரு வெள்ளைத் தாள் போயிற்று.

"எங்களுக்குப் பக்கத்துல புதுசா ஒரு கூட்டம் வந்திருக்கு. வந்த அன்னிக்கே பாட்டு. பதினொண்ணு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. ஒண்ணரைக்குத்தான் நிறுத்தினாங்க. எங்க பிளாக்குல பாதிப் பேருக்கு விடியக்காலை ஷிப்ட்."

"அடப்பாவமே," என்றார் முன் மேஜைக்காரர்.

"காலி பாட்டிலெல்லாம் சுவர் தாண்டி எங்க பக்கம் விழுது. பெருக்கினப்ப எண்ணினேன். பதினேழு."

"வண்டி?" இது ஒரு அனுபவஸ்தர்.

"எங்க பின்கேட்டை அடைச்சு நிறுத்தியிருக்காங்க. ஒரு பெரியவரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற வேன் உள்ளே வர முடியல. நாற்காலியில உட்கார வெச்சு, தெருமுனை வரைக்கும் நாலு பேர் தூக்கிட்டுப் போனோம்."

மண்டபம் உச்சுக் கொட்டியது.

"வேலை வெட்டி இல்லாத ஆளுங்களா?"

"எல்லாருக்கும் நல்ல வேலை சார்."

"வாடகை ஒழுங்கா கட்டுறாங்களா?"

"அவங்க கையிலேருந்து ஒரு பைசா போகல."

"பாத்தீங்களா," என்று மேனேஜர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். "இந்தத் தொல்லையெல்லாம் ஒண்ணாத்தான் வரும்."

கடைசி மேஜையில் ஒரு பெண் அதிகாரி கையைத் தூக்கினார். "யாராவது போய் அவங்ககிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

டிரைவரம்மா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் எழுந்துவிட்டார்.

"என்னம்மா கேள்வி இது? இருபது வருஷமா பாக்கறேன். சொன்னாக் கேக்கற ஆளுங்களா இவங்க? நேரா நோட்டீஸ், நேரா காலி. இரக்கம் பாத்தா வாரியம் நடத்த முடியாது."

கைதட்டல். டிரைவரம்மாவும் தட்டினார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எட்டுத் தாளும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாகப் படித்தார். காலி. காலி. உடனே காலி. ஒரு மேஜை சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தது. கடைசி மேஜைத் தாளில் ஏதோ எழுதி, அடித்து, அதன் மேல் 'காலி'.

"எல்லாத்துலயும் கையெழுத்து இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு." மேனேஜர் பேனாவைத் திறந்தார். "எந்த இடம், எந்த மாடி, அதைச் சொல்லுங்க. இன்னிக்கே ஆர்டர்."

டிரைவரம்மா மைக்கை வைத்தார். மேடையை விட்டு இறங்கினார். ஜன்னலுக்குப் போய்த் திரையை ஓரமாக இழுத்தார்.

கீழே ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டு மாடி வாரியக் குடியிருப்பு. அதன் பின்கேட்டை அடைத்தபடி ஏழு கார்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் மாநாட்டு அட்டை.

"அது எங்க பிளாக். கூட்டம் இருக்கறது இந்த மாடி. பாட்டு நேத்து ராத்திரி, உங்க வரவேற்பு விருந்துல."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தார். அவர் பின்னால் இன்னொருவர்.

மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து ஜன்னல் வரைக்கும் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, ஒரு நாள் கூத்து. உள்ளே இருந்தவங்களுக்கு வெளியே கேக்கறது எப்படித் தெரியும்? யாராவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க குறைச்சிருக்க மாட்டோமா?"

டிரைவரம்மா கைப்பையிலிருந்து மடித்த மனு ஒன்றை எடுத்து, எட்டுத் தாளோடு சேர்த்து அவர் கையில் வைத்தார்.

"மெக்கானிக்கும் இதையேதான் எழுதியிருக்காரு சார். மூணாம் பக்கம். தள்ளுபடின்னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களே, அதுக்கு நேர் மேல்வரி."