இடம் மாறிய மெழுகுவத்தி

"மறுபடியும் உங்க அண்ணி ஏத்தினதை மாத்தி வைக்கிறியா, சாஃப்தா? பாதிரியார் பாத்தா என்ன ஆகும்?"

மெழுகுவத்தி விற்கும் அக்லாயா தன் சின்ன ஜன்னல் வழியே கழுத்தை நீட்டிக் கேட்டாள்.

"பாக்கட்டுமே அக்கா. எங்க அண்ணிக்கு அவராவது புத்தி சொல்லட்டும்."

கோயில் வாசலில் மணல் நிரப்பிய இரண்டு தகரப் பெட்டிகள். இடப்பக்கப் பெட்டி உயிரோடு இருப்பவர்களுக்கு. வலப்பக்கப் பெட்டி இறந்து போனவர்களுக்கு.

சாஃப்தாவின் அண்ணன் நெகுலாயை போன இலையுதிர் காலத்தில் ப்ரூட் ஆறு கொண்டுபோனது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், பூசை முடிந்ததும் அவன் மனைவி ருக்சாண்டா ஒரு மெழுகுவத்தி ஏற்றி இடப்பக்கப் பெட்டியில் நட்டுவிட்டுப் போவாள். அவள் தலை மறைந்ததும் சாஃப்தா அதைப் பிடுங்கி, அணையாமல் கையால் மறைத்து, வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய் வைப்பாள்.

"புருஷன் செத்ததை ஒத்துக்க மனசு வரல போல, பாவம்" என்றாள் அக்லாயா.

"மனசு வரலையா? பாட்டுப் பாடிக்கிட்டுத் தக்காளி பறிக்கிறாங்க! மூணு வேளையும் சாப்பாடு நல்லா இறங்குது. இங்க வந்தா மட்டும் அண்ணன் உயிரோட இருக்கிற மாதிரி நடிப்பு. சாகிறவங்க கையில கொடுக்கிற மெழுகுவத்தியை, படகு கவுந்தப்ப அவனுக்குக் கொடுக்க ஆள் இல்லக்கா. வெளிச்சம் இல்லாமப் போனவன். என் கனவுல வந்து சுவத்தைத் தடவித் தடவி நடக்கிறான்."

"நீதான் தினமும் ஏத்துறியே."

"நான் எத்தனை ஏத்தினா என்ன? பொண்டாட்டி ஏத்துற மாதிரி ஆகுமா?"

அக்லாயா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அது கிடக்கட்டும். பாவாடை உன் இடுப்புல நிக்க மாட்டேங்குது. உள்ள வா, சோளக்களி சூடா இருக்கு."

"பசிக்கல அக்கா."

பொய்யில்லை. சாயங்காலமானால் படலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். வில்லோக் குச்சியில் மீனைக் கோர்த்துக்கொண்டு, "அடுப்பை மூட்டு, வாயாடி!" என்று கத்தியபடி அண்ணன் வருகிற நேரம் அது. காற்றில் படல் அசைந்தாலும் எழுந்து நிற்பாள். அப்புறம் அடுப்பை மூட்டத் தோன்றாது.

"கூடையை மறந்துட்டுப் போயிட்டேன்…" முதுகுக்குப் பின்னால் ருக்சாண்டாவின் குரல். "என்ன பண்றே, சாஃப்தா?"

எரியும் மெழுகுவத்தி கையில் இருந்தது. மறைக்க இடமில்லை. சாஃப்தா வெடித்தாள்.

"அண்ணன் செத்துட்டான் அண்ணி! இன்னும் எத்தனை நாளைக்கு இதை இந்தப் பக்கமே வைப்பீங்க? அவன் அங்க இருட்டுல நிக்கிறான்!"

ருக்சாண்டா கோபப்படவில்லை.

"அவர் செத்தது எனக்குத் தெரியாதா? கரை ஒதுங்கினவரைக் குளிப்பாட்டி அனுப்பினவ நான்தானே. காலையில கல்லறைக்குப் போய் அவருக்கு ஏத்திட்டுத்தான் பூசைக்கே வர்றேன். ஆண்டவர் பக்கத்துல இருக்கிறவருக்கு இருட்டு ஏதுடி? அந்த நம்பிக்கையிலதான் எனக்குச் சாப்பாடு இறங்குது. பாட்டும் வருது."

சாஃப்தா கையிலிருந்த சுடரைப் பார்த்தாள். "அப்போ… இது?"

ருக்சாண்டா அவளுடைய எலும்பு துருத்திய மணிக்கட்டைப் பிடித்து, மெழுகுவத்தியோடு சேர்த்து இடப்பக்கப் பெட்டிக்கு மெல்ல இழுத்தாள்.

"அவர் போன நாள்லேருந்து நீயும் அவர் பின்னாடியே போய்க்கிட்டிருக்கே. உன்னையாவது இந்தப் பக்கமே நிறுத்தி வைக்கச் சொல்லி, வாராவாரம் உனக்காகத்தான் ஏத்துறேன்."