ஆட்சேபணை

"ராஜரத்தினம் சந்திரகுமார்" என்று உரக்க வாசித்தேன்.

சேலை கட்டிய ஒரு பெண் முன்னால் வந்து நின்றாள்.

வாக்காளர் பெயர்கள் உள்ள இடாப்பைப் பார்த்தேன். அவள் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்தேன். இலக்கம் சரி, பெயரும் சரி. படத்தில் மீசை அரும்பிய ஒரு பையன். புருவத்துத் தழும்பு மட்டும் ஒன்றுபோல இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை அது. கண்டி டவுனிலிருந்து தேர்தல் கடமைக்கு வந்த எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. பயிற்சி வகுப்பிலும் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"நான்தான் மிஸ். புது அட்டைக்கு எழுதிக் குடுத்திருக்கேன். இன்னும் வரல."

சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த கட்சி முகவர்களில் சுரேஸ் என்ற வெளியூர்க்காரன் எழுந்துவிட்டான். ஆள்மாறாட்டம் என்றான். வாசலில் நின்ற பொலிஸ்காரர் உள்ளே எட்டிப்பார்த்தார்.

வாக்குச்சாவடிப் பொறுப்பதிகாரி ரிஸ்மி சேர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் தந்தார். நான் அவரிடமே கொடுத்தேன். அவளை என்னவென்று கூப்பிடுவது என்றுகூட எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை.

வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவில்லை. வாங்கின் ஓரத்தில் இருந்த வயதான முகவரையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்து ஒவ்வொரு பெயரையும் கேட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்த மனிதர், இப்போது பேனையை மூடிவிட்டார்.

"ஐயா, நீங்க இந்தத் தோட்டத்து ஆள்தானே. இவங்களத் தெரியுமா?" என்று சேர் அவரிடம் கேட்டார்.

பொலிஸ்காரர் இரண்டடி உள்ளே வந்தார்.

பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பேரு சரிதாங்க. வச்சதே நான்தான்" என்றார், சுவரைப் பார்த்து. "இப்ப அவளுக்கு அது வேணாமாம்."

சுரேஸ் உட்கார்ந்துவிட்டான். பொலிஸ்காரர் எப்போது வாசலுக்குப் போனார் என்று தெரியவில்லை. சேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் மையைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

அவள் விரலை நீட்டவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.