எதிர்வீட்டுக்காரன்

டோர்செட் பார்க் மாடிக் குடியிருப்பில் பனிக்கால மாலை வெளிச்சம் மங்குகிறது. அரசாங்க உளவுப்பிரிவு அதிகாரிகள் இருவர் சப்பாத்தைக் கழற்றாமலே சோஃபாவில் அமர்ந்திருக்கிறார்கள். கம்பளத்தில் பனி கரைந்து பரவுகிறது. மேசையில் எதிர்வீட்டு டெஸ்மண்டின் படம். கறுப்பின மக்களின் உரிமைக்காக ஊர்வலம் நடத்துபவன் அவன். "என்னவாம்?" என்று மங்கையற்கரசி மெல்லக் கேட்கிறாள். "அவனட்டை ஆர் வந்து போறது, அவனோட சண்டைபிடிச்சுப் பிரிஞ்ச மற்ற இயக்கக்காரரும் வாறவையோ எண்டு கேக்கினம்," என்கிறார் கணவர் பத்மநாதன். "தெரியாதெண்டு சொல்லுங்கோ. நீங்கள் நெஞ்சு நோவெண்டு விழுந்த அண்டைக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினவன்." "எங்கட மகன் கிருபன்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லையப்பா." அவள் தலைகுனிகிறாள். அவர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்குகிறார். வெளியே, டெஸ்மண்ட் யாருடனோ சிரித்துப் பேசியபடி கதவைத் திறப்பது கேட்கிறது. ஓர் அதிகாரி விரலை உதட்டில் வைத்துக் காட்டுகிறார். பத்மநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்கிறார்.