டயர் தட்டும் டிரைவர்

"நிறுத்திட்டான்யா! இன்னிக்கும் நிறுத்திட்டான்!"

காலை பத்து மணி டவுன் பஸ், தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இரும்புக் கம்பியோடு இறங்கி, ஒவ்வொரு டயராகத் தட்ட ஆரம்பித்தார். டங்... டங்...

மூன்று வாரமாக இதே கூத்து.

"தினமும் அஞ்சு நிமிஷம்! டயருக்கு என்ன நாடியா பார்க்கிறான்?" என்று பொருமினார் பத்திரம் எழுதுபவர். பத்தரைக்குள் பதிவு ஆபீஸில் போய் உட்காராவிட்டால், வருகிற ஆளெல்லாம் பக்கத்து மேஜைக்குப் போய்விடுவான். வயிற்றெரிச்சல் இருக்காதா?

அவர் சும்மா புலம்புகிற ஆள் இல்லை. புகார் மனுவே தயார். தேதி, நேரம், வண்டி எண், கீழே முப்பத்தொரு கையெழுத்து. டெப்போவுக்குப் போனால் டிரைவர் பாடு திண்டாட்டம்தான்.

"ஏழு மாச வயித்தோட அந்தக் கண்டக்டர் பொண்ணையும் இறக்கி, பின்னாடி நிக்க வைக்கிறான் பாருங்க. ஈவு இரக்கமே இல்லாத மனுஷன்! அதையும் சேர்த்து எழுதுங்க சார்" என்றார் பின்சீட்டு டீச்சர்.

"எழுதிட்டாப் போச்சு. ஆனா நேர்ல பார்க்காம ஒரு வரி எழுத மாட்டேன். பார்த்ததை மறைக்கவும் மாட்டேன். இருபது வருஷத் தொழில்மா!"

பேனாவோடு இறங்கிப் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போனார்.

பின்பக்க நிழலில், மடக்கு ஸ்டூலில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டப்பா. அவித்த கொண்டைக்கடலை, ஒரு முட்டை, வாழைப்பழம்.

டிரைவர் டயரைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"முட்டையை மிச்சம் வைக்காதம்மா. பிஸ்கட்னா அரை மணியில மறுபடி பசிக்கும், இதுதான் மதியம் வரைக்கும் தாங்கும்னு உங்க அண்ணி அவிச்சுக் குடுத்திருக்கா. டப்பா காலியா போகலேன்னா எனக்குத்தான் திட்டு."

"போதும்ணே. ஜனங்க கத்துறாங்க."

"கத்தட்டும். இன்னும் ரெண்டு டயர் இருக்கு. மெதுவா மென்னு சாப்பிடு."

நிமிர்ந்தவர், எதிரே நின்றவரைப் பார்த்துவிட்டார். கம்பி அந்தரத்தில் நின்றது. கண்டக்டர் சட்டென்று டப்பாவை மூடினாள். டிரைவர் முன்னால் வந்தார்.

"சார்... வண்டி ஓடும்போது சாப்பிட்டா வாந்தி எடுத்துடுறா. ட்ரிப்புக்கு நடுவுல மூச்சு விட நேரமில்ல. வெறும் வயித்தோட நின்னு, போன மாசம் தலைசுத்தி உட்கார்ந்துட்டா. இப்பவே லீவு போட்டா, புள்ள பொறந்தப்புறம் கூட இருக்க நாள் இருக்காது. எழுதுறதுன்னா என் பேரை மட்டும் எழுதுங்க சார்."

பத்திரம் எழுதுபவர் பேனாவை மூடினார். திரும்பி வந்து படியேறினார்.

"என்ன சார், பார்த்தீங்களா? ஏமாத்துறான்தானே?" பஸ் மொத்தமும் கேட்டது.

மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"பார்த்தேன். டயரெல்லாம் ரொம்ப மோசம். தினம் தட்டிப் பார்க்கலேன்னா நம்ம உசுருக்கு உத்தரவாதமில்ல!"

டீச்சர் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"டிரைவர் சார், அவசரமே இல்ல! அந்த ஸ்டெப்னியையும் ஒரு தடவை நல்லாத் தட்டிப் பார்த்துடுங்க!"