கைப்பையில் ஒரு தக்காளி

"உப்பு டப்பாவைத் தேடாதே. அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கேன்," என்றாள் அம்மா.

மகள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்று மாலைதான் வந்தாள். அதற்குள் அம்மாவிடம் இரண்டு தரம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டதிலிருந்து இந்தச் சமையலறை அம்மாவின் தனி ராஜ்ஜியம். பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பழக்கதோஷம் யாரை விட்டது? உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சன்னமாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டுவாள். கிழங்கிலிருக்கும் பொட்டாசியம் அதோடு போய்விடுமாம். ருசியும் கூடவே போய்விடுகிறது என்பதை அவளிடம் யார் சொல்வது? பருப்பு கரண்டிக் கணக்கு, தண்ணீர் டம்ளர் கணக்கு. கீரை, வாழைப்பழம், தக்காளி, ஊறுகாய் எதுவும் வாசல்படி தாண்டி உள்ளே வரக்கூடாது.

அப்பா பஸ் ஓட்டியவர். நின்ற இடத்தில் எல்லாம் எதையாவது வாங்கிக் கொறித்துப் பழகிய நாக்கு அவருக்கு. இப்போது முகமும் காலும் வீங்கிப்போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். இதயம் பலவீனமாக இருப்பதால் டயாலிசிஸ் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மருந்தையும் பத்தியத்தையும் நம்பித்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

தட்டைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார். இது கிழங்கா, இல்லை சுண்ணாம்புக் கட்டியா என்று கேட்டார். ஒரே ஒரு தக்காளியை நறுக்கி உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தால் குடி முழுகிப் போய்விடுமா என்றார். தக்காளிதான் வேண்டுமென்றால் வேறு பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் அம்மா. இந்த மூஞ்சிக்கு எவள் வருவாள் என்று அலுத்துக்கொண்டே அப்பா சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் கஷ்டப்பட்டு விழுங்கினார். ஆனால் தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

தினமும் இந்தத் தக்காளிச் சண்டைதான் என்று அம்மா சிரித்தாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் கேட்டே விட்டாள். "பாவம்மா அவர். ஒரு துண்டு குடுத்தா என்ன?"

"பாவம் பார்த்திருந்தேன்னா இன்னிக்கு நீ யாரைப் பார்க்க வந்திருப்பே?" அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன வருஷமே கை விரிச்சாங்க. நான்தான் இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கேன், இந்தக் கையால."

அதில் இருந்த பெருமையைக் கேட்டதும் மகளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. காலமெல்லாம் குடும்பத்துக்காக ஸ்டியரிங் பிடித்த மனுஷன். நகையா கேட்கிறார், நிலமா கேட்கிறார்? ஒரு தக்காளி. அதைக்கூடக் கொடுக்க மனசு வராத அளவுக்கு அம்மா எப்போது இப்படிக் கல்லாகிப் போனாள் என்று நினைத்தாள்.

தெருமுனைக் கடைக்குப் போய் நன்றாகப் பழுத்ததாக ஒரு தக்காளி வாங்கினாள். உப்பையும் மிளகுத்தூளையும் அங்கேயே சின்னப் பொட்டலங்களாக வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் கைப்பைக்குள் போட்டு, ஏதோ கடத்தல்காரி மாதிரி வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போகும்வரை காத்திருந்து, அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அவசரமாக நறுக்கினாள்.

தட்டை நீட்டியதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மெல்ல முகர்ந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்புறம் அதைத் தட்டிலேயே வைத்து, அவள் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல பழம். நீ சாப்பிடும்மா."

"பயப்படாதீங்கப்பா. ஒரு துண்டுல உடம்புக்கு ஒண்ணும் ஆகிடாது. அம்மா வர்றதுக்குள்ள சாப்பிடுங்க."

"ஒரு கூடை தின்னாலும் இனிமே ஒண்ணும் ஆகாது. எனக்கே தெரியும்." அப்பா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "போன மாசம் டாக்டர் சொல்லிட்டார். உங்கம்மா மருந்து வாங்கப் போயிருந்தா. இனிமே பத்தியம் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லேன்னாலும் ஒண்ணுதான், கொஞ்ச நாள்தான் இருக்கு, ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்கன்னார். அவகிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

மகள் தட்டைக் கட்டிலில் வைத்தாள்.

"அப்புறம் ஏம்ப்பா தினம் தக்காளி கேட்டு அம்மாகிட்ட அப்படிச் சண்டை போடறீங்க?"

"கேக்காம விட்டா உங்கம்மா கண்டுபிடிச்சுடுவாம்மா," என்றார் அப்பா. "அவ என்னைக் காப்பாத்திக்கிட்டிருக்கா. அதை நடுவுல நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரலே."